மூணு கட்டம்

அந்த ஜன்னல் சீட்ட எனக்குத் தந்துருங்களேன் அண்ணாச்சி. உங்களுக்கு வெயில் அடிக்கும், பாவம், எனக்குப் பரவால்ல. வெயிலுக்காகக் கேக்கல, ஜன்னல் பக்கம்னா சிக்னல் கெடைக்கும். ரொம்ப நன்றி. பைய மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும், லேப்டாப் இருக்கு. கோவில்பட்டிக்கு இவன் எப்பப் போவான்? மாட்டுத்தாவணியில ஏறும்போது பாயிண்டு டு பாயிண்டுன்னான். இப்ப திருமங்கலத்துல நிறுத்திட்டு டீ குடிக்கப் போறான். கண்டக்டர் என்னடான்னா சில்லறைக்கு அலையுதான். ஒருத்தனுக்காவது அவசரம் இருக்கா பாருங்க.

இல்ல இல்ல, யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாவு வீடும் இல்ல. என் மூஞ்சி அப்படியா இருக்கு? ஒரு பொண்ணு, எங்க டிபார்ட்மெண்ட்ல படிக்குத பொண்ணு, அவ வீடு கோவில்பட்டி. இன்னைக்குள்ள அவ கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன அமுக்கணும். அமுக்க மாட்டேங்கா. போனையும் ஆஃப் பண்ணி வச்சிருக்கா. அதான் நேர்லயே போயிருவோம்னு கிளம்பிட்டேன். அமுக்கலன்னா அவளுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். எனக்கு எவ்வளவு நஷ்டம்னு உங்களுக்குச் சொன்னா புரியாது. சரி, புரியுத மாதிரியே சொல்லுதேன், கேளுங்க.

என் பேரு சங்கரகோமதிநாயகம். சொந்த ஊரு பாளையங்கோட்டை. மதுரையில ஒரு யுனிவர்சிட்டியில சிஸ்டம் அனலிஸ்ட். வாத்தியார் இல்ல, கிளார்க்கும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. புரோட்டீன் தெரியும்லா, நம்ம உடம்புல இருக்கது? அதுல குழி குழியா இருக்கும். அந்தக் குழியில ஒரு சின்ன மூலக்கூறு வந்து உக்காரும். லிகண்டுன்னு சொல்லுவோம். மருந்துன்னே வச்சுக்கிடுங்க. எவ்வளவு இறுக்கமா உக்காருதோ அவ்வளவு நல்ல மருந்து. அந்த இறுக்கத்தக் கணக்குப் பண்ணுதது என் புரோகிராம். நானே எழுதினது. கல்யாணத்துக்கு முந்தியே எழுதினது. இன்னைக்கும் எங்க டிபார்ட்மெண்ட்ல எந்தப் பிள்ள வந்தாலும் மொதல்ல "நாயகம் சார் புரோகிராம்"னுதான் கேக்கும். எத்தனையோ பேரு அத வச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் போயாச்சு. ஒருத்தராவது திரும்பி வந்து தப்புன்னு சொன்னாங்களா? சொல்லல.

கிளம்பிட்டானா? அப்பாடா.

இப்ப அந்த ஃபைலு இருக்கு பாருங்க, புரோட்டீனோட ஃபைலு, அதுல ஒவ்வொரு அணுவும் எங்க இருக்குன்னு ஒரு வரி. பேங்க் சலான் மாதிரி, கட்டம் கட்டமா. இந்தக் கட்டத்துல பேரு, இந்தக் கட்டத்துல நம்பரு. ஒரு கட்டம் தள்ளிப்போனா எல்லாம் போச்சு. அதுல லிகண்டு பேருக்கு மூணே மூணு கட்டம். உலகம் பூரா அப்படித்தான் இருந்துச்சு. நானும் மூணு கட்டத்துக்குத்தான் எழுதினேன். நல்லாத்தான் இருந்துச்சு.

இப்ப என்னாச்சுன்னா, மூணு எழுத்துப் பேரெல்லாம் தீந்துபோச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அவ்வளவு மூலக்கூறு கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால புதுசா வாரதுக்கெல்லாம் அஞ்சு எழுத்துல பேரு வைக்காங்க. பழைய ஃபைல்ல அஞ்சு எழுத்து எப்படி அடங்கும்? அடங்காது. அதனால புது மாதிரி ஃபைலு ஒண்ணு கொண்டாந்துட்டாங்க, கட்டமே இல்லாதது, எவ்வளவு நீளப் பேரும் எழுதிக்கிடலாம். நல்லா இருக்கட்டும். ஆனா என் புரோகிராம் பழைய ஃபைலத்தான் படிக்கும்.

இந்தப் பொண்ணு, பேரு எப்சிபா, நல்ல பொண்ணுதான், நான் இல்லங்கல. எங்கிட்ட ரொம்ப மரியாதையா இருப்பா. மூணு வருஷம் ராத்திரி பகல்னு பாக்காம வேலை பாத்தா. ஒருநாள் ஓடி வந்தா. "சார், மருந்து குழியில இல்ல சார், வெளிய எங்கயோ கெடக்கு"ங்கா. போய்ப் பாத்தா, அஞ்சு எழுத்துப் பேர அப்படியே மூணு கட்டத்துல திணிச்சு வச்சிருக்கா. நம்பரெல்லாம் ரெண்டு கட்டம் தள்ளிப்போச்சு. புரோட்டீன் இங்க இருக்கு, மருந்து அங்க, ரொம்ப தூரத்துல, பஸ்ஸ விட்டவன் மாதிரி தனியா நிக்குது. எனக்கு ஒரே சிரிப்பு. "ஏம்மா, இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்த"ன்னேன்.

அப்ப அவ சொன்னா. "சார், புது ஃபைலயே படிக்குத மாதிரி உங்க புரோகிராம மாத்த முடியுமா சார்"னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பின்ன? அப்ப என் புரோகிராம் பழசுங்கியான்னு கேட்டேன். இல்ல சார், அப்படிச் சொல்லல சார்னு பதறிட்டா. அப்புறம் வேற ஒண்ணு சொன்னா. நீளமான பேருக்குப் பதிலா பூஜ்யம் ஒண்ணு, பூஜ்யம் ரெண்டுன்னு தற்காலிகமா ஒரு பேரு வச்சிருவோம், எது எதுன்னு தனியா குறிச்சு வச்சுக்கிடுவோம், கடைசியில திருப்பி மாத்திக்கிடுவோம்னா. எதுக்கு இந்த வீண் வேலை? ஒவ்வொருத்தனும் குறிச்சு வைப்பானா? தொலைச்சிருவானுவ. நான் அங்கனயே நின்னுக்கிட்டு, ஒரே ஒரு வரி, புரோகிராம்ல ஒரே ஒரு வரி சேத்தேன். பேரு எவ்வளவு நீளமா இருந்தாலும் மொத மூணு எழுத்த வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிரு. முடிஞ்சுது ஜோலி. மருந்து கரெக்டா குழியில வந்து உக்காந்துச்சு. "தேங்க்ஸ் சார்"னுட்டுப் போனா. தேங்க்ஸ்னு சொன்னவ அவதான், மறந்துராதீங்க.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்கு. போதும் போதும்.

அதுக்கப்புறம் ரிசல்ட் வந்துச்சு பாருங்க! மருந்து குழியில அப்படி ஒரு இறுக்கம், அப்படி ஒரு பிடி. இதுவரைக்கும் யாரும் பாக்காத பிடி. ப்ரொபசரு என் ரூமுக்கே வந்துட்டாரு. என் ரூமுக்கு! ஏசி ரிப்பேர்னாக்கூட ஆள் அனுப்புதவரு. மைசூர்பாகு வாங்கி டிபார்ட்மெண்டு பூராக் குடுத்தாங்க. பேப்பர் எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினாங்க, அவங்களும் எடுத்துக்கிட்டாங்க. எப்சிபாவுக்கு அத வச்சு ஐதராபாத்ல வேலை. பேப்பர் வந்த உடனே ஆர்டர்னு சொல்லிட்டாங்க.

எனக்கு என்னன்னு கேக்கீங்களா? சொல்லுதேன். இத்தன வருஷத்துல என் புரோகிராம வச்சு எத்தனையோ பேப்பர் வந்திருக்கு. எதுலயும் எழுதினவங்க வரிசையில என் பேரு கெடையாது. கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, நன்றின்னு ஒரு பத்தி இருக்கும். கரண்டு குடுத்தவன், காசு குடுத்தவன், அப்புறம் நாயகம். அங்கனதான் நான். இந்த வாட்டி எப்சிபாவே ப்ரொபசர்ட்ட கேட்டு என் பேர ரெண்டாவதா போட்டா. ரெண்டாவது! அவளுக்கு அடுத்து நான். புரூஃப், அதான் அச்சுக்கு முந்தி சரிபாக்க அனுப்புத பிரதி, அது வந்த அன்னைக்கு அதப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். என் வீட்டுக்காரி இங்கிலீஷ் படிக்க மாட்டா. என் பேரு எதுன்னு தொட்டுக் காட்டினேன். ஃபிரேம் போட்டு மாட்டுவோமான்னு கேட்டா. மொத மொத எங்க வீட்டுல என் வேலையப் பத்திக் கேட்டது அன்னைக்குத்தான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி, பொய் சொல்லல.

அதுலயும் ஒரு கூத்து. புரூஃப்ல என் பேர எப்படிப் போட்டிருந்தாங்கங்கீங்க? எஸ். நாயகம். யாருய்யா அந்த எஸ். நாயகம்? எங்க கேன்டீன்காரர் பேரு செல்வநாயகம். நாளைக்கு அவரு வந்து இது நான்தான்னு நின்னா என்ன செய்ய? அன்னைக்கே மெயில் போட்டேன். முழுப் பேரும் வேணும், ஒரு எழுத்து குறையப்படாதுன்னு. பதில் வரல. மறுபடியும் போட்டேன். திருத்திட்டாங்க. விடுவேனா நான்.

இது எந்த ஊரு, விருதுநகரா? இன்னும் விருதுநகர்தானா?

சரி, கதைக்கு வாரேன். புரூஃப் வந்தா, எல்லாம் சரின்னு எழுதினவங்க ஒரு பட்டன அமுக்கணும். அந்தப் பொறுப்பு எப்சிபாகிட்ட. ப்ரொபசரு ஜெர்மனியில இருக்காரு, எல்லாம் அவ பாத்துக்கிடுவான்னுட்டாரு. இவ அமுக்குததுக்கு முந்தி, படம் ஒண்ணு இன்னும் தெளிவா வரையுதேன்னு உக்காந்திருக்கா. யாரு கேட்டா இவகிட்ட? பழைய படமே நல்லாத்தான் இருந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்தவ, என் ரூமுக்கு வந்து நிக்கா. மூஞ்சியெல்லாம் வெளிறிப்போச்சு. "சார், இது ஒரு மூலக்கூறு இல்ல சார், ரெண்டு"ங்கா.

என்னன்னா, அந்தக் குழியில மருந்து உக்காந்திருக்கு. பக்கத்துல இன்னொண்ணும் உக்காந்திருக்கு. அது மருந்து இல்ல, சோதனை பண்ணும்போது கரைசல்ல கலந்த ஏதோ ஒண்ணு. ரெண்டுக்கும் அஞ்சு எழுத்துப் பேரு. ரெண்டு பேருக்கும் மொத மூணு எழுத்து ஒண்ணுபோல. நான் வெட்டினேன்லா, அதனால என் புரோகிராம் ரெண்டையும் ஒரே ஆளுன்னு எடுத்துக்கிட்டு, ரெண்டோட பிடியையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டுங்கா. நல்லா கவனிங்க அண்ணாச்சி. நான் பேரத்தான் வெட்டினேன். ஆள வெட்டலியே? ஒரு அணுவத் தொட்டேனா? எல்லா நம்பரும் அது அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. பேருல என்ன இருக்கு?

என்ன கேக்கீங்க? ஓ, நீங்க ரிஜிஸ்திரார் ஆபீஸா? ரெண்டு பேரு நிலத்த ஒரே பேர்ல பதிஞ்சா, ரெண்டு வயலும் ஒருத்தனுக்குன்னு ஆயிராதான்னா? அது வேற அண்ணாச்சி. அது நிலம். அதுல வில்லங்கம் வரும், கோர்ட்டு வரும். இது சயின்ஸு. நான் சொல்லுதது அது இல்ல.

நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியுது. நான் ஓட்டிப் பாக்காமலா இருப்பேன்? அவ போனப்புறம் கதவச் சாத்திக்கிட்டு, அவ சொன்ன மாதிரியே ரெண்டுக்கும் வேற வேற பேரு வச்சு ஓட்டினேன். பிடி கொறஞ்சுது. கொறஞ்சுதுன்னா, ரொம்பத்தான். சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி ஒரு பிடி. அன்னைக்கு சர்வர்ல ஏதோ கோளாறு. காலையிலயே மெதுவாத்தான் இருந்துச்சு. மறுபடி ஒரு தடவை ஓட்டணும்னு நினைச்சேன், நேரம் வரல.

அவகிட்ட எவ்வளவோ பக்குவமா எடுத்துச் சொன்னேன். ஏம்மா, யாரு இவ்வளவு பெருசு பண்ணிப் பாக்கப் போறா? பேப்பர் வரட்டும், நீ ஐதராபாத்ல போய்ச் சேரு, பெறகு திருத்தம்னு ஒண்ணு சின்னதா போட்டுக்கிடுவோம்னேன். அவ கேக்கல. "சார், அந்த மருந்த நம்பி வேற யாராவது அடுத்த சோதனைய ஆரம்பிச்சுருவாங்க சார்"னா. ஆரம்பிச்சா என்ன? அவங்களுக்குத் தெரிஞ்சுட்டுப் போகுது. அதுக்கு இப்பமே ஏன் நம்ம தலையில மண்ண அள்ளிப் போடணும்? மறுநாள் பாத்தா அவ சீட்டு காலி. ஊருக்குப் போயிட்டான்னாங்க. போன் போட்டா ஆஃப். அவ அம்மா நம்பருக்குப் போட்டேன், "வீட்டுலதான் இருக்கா சார், சாப்பிட மாட்டேங்கா, அழுதுக்கிட்டே இருக்கா, என்ன சார் ஆச்சு"ங்காங்க. நான் என்னத்தச் சொல்ல?

அவ அழுதது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. எனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. ஆனா நான் அழுதா யாரு கேக்கா? அதச் சொல்லத்தான் போறேன். நேர்ல உக்காந்து, அவங்க அம்மா முன்னாலயே, ஏம்மா, என் ஒருத்தன் பேரு ஒரே ஒரு தடவ மேல வரட்டும்மா, உனக்கு இதுல என்ன கொறையுதுன்னு கேக்கப் போறேன். அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. எம்மேல மரியாதை உண்டு அவளுக்கு.

சாத்தூர் தாண்டிட்டா? நல்லது. இன்னும் கொஞ்ச நேரந்தான். எத்தன மணி உங்க வாச்சுல? என் வாச்சு ஓடுதான்னே சந்தேகமா இருக்கு.

இருங்க, இருங்க. மெசேஜ் வந்திருக்கு. அவதான். எப்சிபாதான்! நான் சொல்லல? கண்ணாடி எங்க வச்சேன்... நீங்களும் கேளுங்க, சத்தமாவே படிக்கேன்.

"சார், மன்னிச்சுருங்க. புரூஃப நான் ஓகே பண்ணல. பேப்பரத் திரும்ப எடுத்துக்கிடுதோம்னு காலையில எழுதிட்டேன்."

போச்சு.

போச்சு அண்ணாச்சி. எழுதிட்டாளாம். காலையிலயே எழுதிட்டாளாம். நான் பஸ் ஏறுததுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. இருங்க. மிச்சமும் இருக்கு.

"பேர மாத்துனதுல தப்பு நடந்துட்டு, சரி பாக்காம விட்டது என் தப்புன்னு எழுதியிருக்கேன். உங்க பேரும் உங்க புரோகிராமும் அதுல வரல. ப்ரொபசர்ட்டயும் அப்படியே சொல்லிட்டேன். ஐதராபாத்துக்கும் சொல்லிட்டேன், அவங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்னுட்டாங்க. அது பரவால்ல சார். ஒரே ஒரு உதவி. மாசிலாமணி திங்கக்கிழமை தீசிஸ் குடுக்கான். அவனும் உங்க புரோகிராம்லதான் ஓட்டியிருக்கான். ஒரு தடவை சார்ட்ட கேட்டுருன்னு மட்டும் சொல்லியிருக்கேன். கூப்பிடுவான். அந்த ஒரு வரியப் பத்தி நீங்களே அவன்ட்ட சொல்லிருங்க சார். நான் சொன்னா உங்களக் கொறை சொன்ன மாதிரி ஆயிரும்."

இன்னொரு தடவை படிக்கேன். "என் தப்புன்னு எழுதியிருக்கேன்." பாத்தீங்களா? பாத்தீங்களா அண்ணாச்சி? அவளே ஒத்துக்கிட்டா! எழுத்துல குடுத்திருக்கா! இவ்வளவு நேரமா நான் என்ன சொல்லிக்கிட்டு வாரேன்? புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லன்னுதானே? சரி பாக்காம விட்டது அவ. அவ வாயாலயே வந்துட்டு. வேலை போனது பாவந்தான், நான் இல்லங்கல. கெட்டிக்காரி, வேற கெடைக்கும். எனக்கு இனிமே எங்க கெடைக்கும்? என் வீட்டுக்காரி ஃபிரேமுக்கு அளவு குடுத்துட்டு வந்திருக்கா, அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? சொல்லுங்களேன்.

இருங்க, போனு. அந்த மாசிலாமணிதான்.

ஆங், சொல்லு மாசிலாமணி. பஸ்ல இருக்கேன், கேக்குது, சொல்லு. எப்சிபா என்ன சொன்னா? சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னா, அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலியா? சரி. உன் ஃபைல்ல அஞ்சு எழுத்துப் பேரு உண்டா? உண்டா? எத்தன? எல்லாமே ஒரே குழியிலயா?

ம்.

இல்ல, இருக்கேன், லைன்லதான் இருக்கேன். ஒண்ணுமில்லப்பா. அது அவ பண்ணின தப்பு. அவளே எழுதிக் குடுத்துட்டா. உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரிசல்ட் நல்லா வந்திருக்கா? பெறகென்ன? பைண்டிங்குக்குப் போட்டுரு. ஆமா, நான்தான் சொல்லுதேன். திங்கக்கிழமை குடுத்துரு. அம்மாவக் கேட்டேன்னு சொல்லு. வச்சிருதேன்.

கேட்டீங்களா? "நீங்க சொன்னா போதும் சார், எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டாம்"ங்கான். அப்படி ஒரு நம்பிக்கை. சும்மா வருமா அது? இத்தன வருஷ உழைப்பு. அந்தப் பையன் அப்பா இல்லாத பையன், ஊருல நிலத்த வித்துப் படிக்கான், அவனப் போயி இப்பக் கடைசி நேரத்துல கலைச்சு விட்டா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி.

திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லுததுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்கு. கெடக்குல்லா? போன உள்ள வைக்கணும். பையில இந்த ஜிப்பு... நீங்க கொஞ்சம் இழுத்து விடுங்களேன், கையில நிக்க மாட்டேங்கு. இவன் ரோட்டுல ஓட்டுதானா வயக்காட்டுல ஓட்டுதானா, என்னா குலுக்கு குலுக்குதான்.

என்னது?

பஸ் நிக்குதா? எப்ப நின்னுது?